சாப்பாவும் விலைப்புள்ளியும்

1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில், 75 நாட்களாக வேலைநிறுத்தத்தில் உறுதியுடன் நின்ற கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் மீது திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சய்து, சய்தலவி, ஆன்றணி ஆகிய மூன்று தொழிலாளர்கள் அந்த அடக்குமுறைக்குப் பலியாயினர். அவர்கள் ஒழிக்கக் கோரியது ‘சாப்பா’ என்னும் முறையை.

சாப்பா என்பது ஒரு சிறிய உலோக வில்லை. விடியுமுன்னே தொழிலாளர்கள் துறைமுகத்தருகே கூடுவார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் அன்றைய வேலைக்குத் தேவையான எண்ணிக்கையில் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். விழுந்து புரண்டு, ஒருவரையொருவர் தள்ளி, கையில் வில்லையைப் பற்றியவனுக்கு அன்று வேலை. மற்றவன் பட்டினியோடு வீடு திரும்புவான். துறைமுகத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தும், கொச்சிக்கான திட்டம் 1959இல்தான் வந்தது. அதன் பிறகே, 1960களின் தொடக்கத்தில், சாப்பா மறைந்தது. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் 2023இல் வெளிவந்தபோது, இப்படியும் ஒரு காலம் இருந்ததா என்று இளைய தலைமுறை வியந்தது.

அந்த வியப்பில் ஒரு பிழை உண்டு. வில்லையை எறியும் கை இன்று துறைமுக வாயிலில் தென்படுவதில்லை, கைபேசியில் இருக்கிறது. கிளியரிங் அலுவலகங்களிலிருந்து காலையில் லாரி புரோக்கர்களின் குழுக்களுக்கு ஒரு செய்தி பறக்கிறது: இத்தனை கன மீட்டர் சரக்கு, இன்ன ஊரிலிருந்து எடுக்க வேண்டும், இன்ன நேரத்துக்குள் கிடங்கில் சேர்க்க வேண்டும், ரேட் அனுப்பவும். சில நிமிடங்களில் பதில்கள் குவிகின்றன. மிகக் குறைந்த தொகையை எழுதியவனுக்கு வேலை. இதற்குப் பெயர் விலைப்புள்ளி கோருதல்.

வணிக ஏடுகள் இதனைப் போட்டியின் சிறப்பு என்று போற்றுகின்றன. பலரிடம் விலைப்புள்ளி பெற்றால் சரக்குக் கட்டணம் குறையும், ஏற்றுமதி பெருகும், எல்லோரும் வாழ்வார்கள் என்பது அவற்றின் வாதம். தொழிற்சங்க வட்டாரத்திலேயே சிலர் இதற்குக் கூறும் மறுமொழி அதைவிடக் கவலை தருவது: “ஏற்றுமதியாளனும் ஃபார்வர்டரும் பேரம் பேசுவது வணிகர்களுக்குள் நடக்கும் விவகாரம், தொழிலாளி வர்க்கத்துக்கு அதில் என்ன வேலை?” முன்னது முதலாளித்துவத்தின் வழக்கமான பொய். பின்னது அந்தப் பொய்க்குத் தொழிலாளர் தரப்பிலிருந்து கொடுக்கப்படும் இலவச அனுமதி. ஒரு விலைப்புள்ளி எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இரண்டின் போலித்தனமும் விளங்கும்.

ஆலப்புழையில் கயிற்றுப் பாய் முடைவித்து அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் ஒருவர் என்று கொள்க. அவரிடம் 4 கன மீட்டர் சரக்கு இருக்கிறது. எடை ஒன்றரை டன். 20 அடிப் பெட்டகம் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். முழுப் பெட்டகத்தை வாடகைக்கு எடுக்க அவரால் இயலாது. ஆகவே பலருடைய சரக்கை ஒரே பெட்டகத்தில் சேர்த்து அனுப்பும் தொகுப்பாளரை நாடுகிறார். தொழிலில் இதற்கு எல்.சி.எல். என்று பெயர். கட்டணம் கன மீட்டருக்கு அல்லது டன்னுக்கு, எது கூடுதலோ அதற்கு. ஒன்றரை டன் எடையுள்ள பாய்க்கு 4 அலகுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். இதுவரை எல்லாம் நேர்மையானதே.

இனி விலைப்புள்ளித் தாளைப் பார்க்கலாம். ஆலப்புழையிலிருந்து கொச்சிக்குச் சாலைப் போக்குவரத்து, சி.எஃப்.எஸ். எனப்படும் பெட்டகச் சரக்கு நிலையத்தில் இறக்குதல், அளத்தல், பெட்டகத்தில் ஏற்றுதல், சுங்க ஆவணம், வல்லார்பாடம் முனையத்தின் கையாளும் கட்டணம், கடல் கட்டணம், சேருமிடத்தில் இறக்கிப் பிரித்தல், அங்குள்ள சாலைப் போக்குவரத்து. இவற்றுள் எதைக் குறைத்து ஒருவன் போட்டியில் வெல்ல முடியும்?

சுங்கத் தீர்வை அரசினுடையது. வல்லார்பாடம் முனையத்தை 2011 முதல் இயக்கி வருவது துபாயைச் சேர்ந்த டி.பி. வேர்ல்டு. பெருந்துறைமுகங்களின் கட்டணங்களை வரையறுத்து வந்த ஆணையத்தின் அதிகாரத்தை 2021ஆம் ஆண்டு பெருந்துறைமுக அதிகார அமைப்புகள் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. தனியார் முனையங்கள் சந்தை நிலவரப்படி கட்டணம் வைத்துக்கொள்ளலாம் என்றும் அச்சட்டம் கூறிவிட்டது. டீசல் விலை 2014 அக்டோபர் முதல் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளது. சுங்கச் சாவடி பேரம் பேசாது. கப்பல் கம்பெனியோ, சிறு தொகுப்பாளரின் கண்ணீரைப் பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை.

எஞ்சி நிற்பது லாரிக்காரரின் வாடகை, ஓட்டுநரின் பேட்டா, கிடங்கில் மூட்டை தூக்குபவரின் கூலி. விலைப்புள்ளித் தாளில் நெகிழ்ந்து கொடுக்கும் இடம் இது மட்டுமே. பேரம் நடக்கும் மேசையருகே நாற்காலி இல்லாதவர்களின் பங்குதான் பேரத்தில் குறைகிறது.

கடல் கட்டணம் குறைவதும் உண்டே என்று வணிகம் தெரிந்தோர் கேட்கலாம். உண்டு, எல்.சி.எல். தொழிலில் அது சுழியம்வரை கூடக் குறையும். சில தடங்களில் சுழியத்துக்கும் கீழே போய், சரக்கைக் கொடுப்பவருக்கே தொகுப்பாளர் பணம் தருவதாக விலைப்புள்ளி வரும். தருமம் ஏதும் இல்லை இதில். இங்கே விட்டுக்கொடுத்த தொகையை, சேருமிடத்து முகவர் ‘இறக்குமிடக் கட்டணம்’ என்ற பெயரில் சரக்கைப் பெறுபவரிடம் பன்மடங்காக வசூலிக்கிறார். சரக்கு அவர் வசம். பணம் கட்டாமல் எடுக்க முடியாது. பெற்றுக்கொள்பவர் ஏமாந்த கோபத்தை அடுத்த ஆர்டரில் காட்டுகிறார். பாயின் விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஆலப்புழை ஏற்றுமதியாளர் அதைத் தறியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கூலியில் ஈடுகட்டுகிறார். இந்தியாவுக்குள் வரும் தொகுப்புச் சரக்கிலும் இதே கதைதான். இங்குள்ள சிறு இறக்குமதியாளர்கள் இந்த வசூலைப் பற்றி ஆண்டாண்டுகளாகப் புலம்பி வருகின்றனர்.

மலிவான கட்டணம் ஆயுதமாவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1906ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி உடனே பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. வெள்ளைக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் சென்று, பயணிக்கு ஒரு குடையும் கொடுத்தது. குடையைப் பெற்றுக்கொண்டவர்கள் அன்று மகிழ்ந்திருப்பார்கள். சிதம்பரனார் 1908 மார்ச்சில் சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் சங்கம் கலைந்தது. அதன்பின் கட்டணத்தைத் தீர்மானிக்கத் தூத்துக்குடியில் ஒரே ஒரு கை இருந்தது. அதே சிதம்பரனார்தான் 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர் என்பதையும் இங்கு நினைவில் கொள்வது நல்லது. கப்பல் கட்டணம் வேறு, ஆலைத் தொழிலாளியின் கூலி வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

போட்டியின் புகழைப் பாடுவோர் கடலில் போட்டியை அனுமதித்த வரலாறே அரிது. பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய கம்பெனிகள் 1875ஆம் ஆண்டிலேயே கூடிக் கட்டணத்தை முடிவு செய்யத் தொடங்கிவிட்டன. அந்தக் கூட்டுகள் இன்று வேறு பெயர்களில் நிலவுகின்றன. உலகப் பெட்டகக் கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பத்து நிறுவனங்களின் கையில் இருக்கிறது. இத்தகைய கூட்டுகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து அளித்து வந்த விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில்தான் காலாவதியாக விட்டது. பெருந்தொற்றையொட்டிய நெருக்கடியில் சரக்கு தேங்கி உலகம் தவித்தபோது, 2022ஆம் ஆண்டில் மட்டும் மெர்ஸ்க் நிறுவனம் 2,900 கோடி டாலருக்கு மேல் லாபம் ஈட்டியது. மேலே ஏகபோகம், கீழே வெட்டுக்குத்துப் போட்டி. திருப்பூரிலிருந்து வாளையாறு வழியாகக் கொச்சிக்கு வரும் லாரியின் ஓட்டுநர், நூறு ரூபாய் குறைத்துக் கேட்கும் இன்னொரு ஓட்டுநரோடு மோதுகிறார். அவர்கள் சுமந்து வரும் சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பல் கம்பெனிகளோ ஒன்றன் கப்பலில் மற்றொன்று இடம் பகிர்ந்து கொள்கின்றன.

அந்த லாரி ஓட்டுநரின் ஒரு நாள் எப்படி இருக்கிறது? தொகுப்புச் சரக்குக்கு ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் சரக்கு கிடங்கில் சேராவிட்டால் அந்தப் பெட்டகம் மூடப்படும். அடுத்த பெட்டகத்துக்குக் காத்திருக்க வேண்டும். கெடுவுக்குள் வந்து சேர்ந்தாலும் வாயிலில் வரிசை. எட்டுப் பேருடைய சரக்கு ஒரு பெட்டகத்தில் சேர வேண்டுமென்றால் எட்டு வண்டிகள் வர வேண்டும். மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் சிறு வண்டி முதல் பத்துச் சக்கர லாரி வரை. காத்திருக்கும் மணிகளுக்கு விலைப்புள்ளியில் வரி இல்லை. திரும்பும்போது காலியாகப் போனால் டீசல் கைக்காசு. எனவே திரும்பு சரக்கை எந்த வாடகைக்கும் ஏற்றத் தயாராகிறார். புரோக்கருக்கு இது தெரியும். அடுத்த நாள் காலைச் செய்தியில் அந்தத் தாழ்ந்த வாடகையே சந்தை விலையாகிவிடும். முனையத்திலிருந்து பெட்டகம் சுமக்கும் டிரெய்லர் ஓட்டுநர்களின் நிலையும் மேலானதில்லை. களமசேரியிலிருந்து வல்லார்பாடம் செல்லும் கன்டெய்னர் சாலையின் ஓரத்தில் வண்டிக்கு அடியில் சமைத்து, வண்டிக்குள் உறங்குபவர்களில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்று அறிய, அவ்வழியே ஒருமுறை நடந்தால் போதும்.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒரு லாரியும் வங்கிக் கடனும் வைத்திருக்கும் ஓட்டுநர்-உரிமையாளர் அச்சட்டத்துக்கு வெளியே நின்றார். அவரை முதலாளி என்று சட்டம் நினைத்தது. தவணை கட்டும் நாளில் அவருக்கு அந்தப் பட்டத்தால் ஒரு பயனும் இல்லை. இன்று அந்தப் பாதிப் பாதுகாப்பும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

சாப்பாவோடு ஒப்பிடுவது மிகை என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு வகையில் மிகைதான்; வில்லையைப் பற்றிய தொழிலாளிக்கு, எவ்வளவு சொற்பமானாலும், அன்றைய கூலி இன்னதென்று தெரிந்திருந்தது. விலைப்புள்ளிக்குத் தரை இல்லை.

இந்தத் தரையின்மைக்கு ஒன்றிய அரசு கொள்கை என்றே பெயர் சூட்டியது. 2022 செப்டம்பர் 17 அன்று தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கையை வெளியிட்ட பிரதமர், நாட்டின் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 13 முதல் 14 விழுக்காடு சரக்குப் போக்குவரத்துக்கே செலவாகிறது, அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்த எண்ணைக் காட்டி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாடகை குறைக்கப்பட வேண்டும் என்று உபதேசிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025இல், அரசே செய்வித்த மதிப்பீடு அந்தச் செலவு 7.97 விழுக்காடுதான் என்றது. லாரி வேகமாக ஓடியதால் வந்த குறைவல்ல இது. கணக்கிடும் முறை மாறியிருக்கிறது. அப்படியானால் 13, 14 என்று சொல்லிப் பறித்த பேட்டாவை யார் திருப்பித் தருவது?

கொச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலாளித்துவ ஏடுகள் உடனே நீட்டும் விரல் ‘நோக்குகூலி’யை நோக்கியது. வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் அந்தப் பழக்கம் தவறு. அதைத் தவறு என்று சொல்லத் தயங்கியது சங்கங்களுக்குப் பெருமை சேர்க்கவில்லை. 2018 மே நாளன்று கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அந்த விரல் சுட்ட மறுக்கும் வேறொன்று இருக்கிறது. 1978ஆம் ஆண்டு கேரளச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டத்தின்கீழ் ஏற்று இறக்குக் கூலி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எவரும் படிக்கலாம், தகராறு வந்தால் காட்டலாம். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டையை இறக்குபவரின் கூலி பகிரங்கமானது. அதே மிளகைக் கடல் தாண்டிக் கொண்டுசெல்லும் தொகுப்பாளரின் இறக்குமிடக் கட்டணம் இரகசியமானது. இவ்விரண்டில் எது வணிகத்துக்குத் தடை என்று கேட்கும் துணிவு அந்த ஏடுகளுக்கு இல்லை.

இங்கே சங்கங்கள் சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. ஆலப்புழைப் பாய்க்காரரும், திருப்பூரில் நாற்பது தையல் இயந்திரம் வைத்திருப்பவரும், இடுக்கி ஏலக்காயைப் பத்துப் பெட்டியாக அனுப்புபவரும் பெருமுதலாளிகள் அல்லர். விலைப்புள்ளி கோருபவர்கள் என்பதால் ஓட்டுநருக்கு எதிரிகளாகத் தோன்றுகிறார்கள். அவர்கள் பெறும் விலைப்புள்ளியிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மறுபாதி அவர்களுடைய வாடிக்கையாளரின் துறைமுகத்தில் காத்திருக்கிறது. எல்லாம் அடங்கிய ஒரே தொகை என்று எழுதித் தரும் தாள், சாலை வாடகை எவ்வளவு, கிடங்குக் கூலி எவ்வளவு, தொகுப்பாளரின் ஆதாயம் எவ்வளவு என்பதை ஏற்றுமதியாளரிடமிருந்தே மறைக்கிறது. சாலைப் போக்குவரத்து, காத்திருப்பு, ஏற்று இறக்கு ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுத வேண்டும், சேருமிடக் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கையில் ஓட்டுநரும் சிறு ஏற்றுமதியாளரும் ஒரே பக்கத்தில் நிற்க முடியும். இதைச் சங்கம் எழுப்பாவிட்டால், சிறு உற்பத்தியாளரைத் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பிவிடும் வேலையைத் தொகுப்பாளரும் வணிக ஏடுகளும் செவ்வனே செய்வார்கள், செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

குறைந்தபட்ச வாடகை என்று பேசினால், உலகில் எங்கும் இல்லாததைக் கேட்பதாக அதிகாரிகள் முகம் சுளிக்கின்றனர். பிரேசிலில் 2018ஆம் ஆண்டு லாரி ஓட்டுநர்கள் நாட்டையே நிறுத்தியபின், சாலைச் சரக்குக்குத் தரை வாடகை சட்டமாயிற்று. தென்கொரியாவில் 2020 முதல் பெட்டக லாரிகளுக்கும் சிமென்ட் லாரிகளுக்கும் ‘பாதுகாப்பான கட்டணம்’ நடைமுறையில் இருந்தது. வாடகை தாழ்ந்தால் ஓட்டுநர் உறங்காமல் ஓட்டுவார், பளு மிகுதியாக ஏற்றுவார், சாலையில் பிணம் விழும் என்ற எளிய கணக்கின்மீது எழுந்த ஏற்பாடு அது. 2022இல் ஓட்டுநர்கள் இருமுறை வேலைநிறுத்தம் செய்தும், வலதுசாரி அரசு அவ்வாண்டு முடிவில் அதைக் காலாவதியாக விட்டது. 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை மீண்டும் சட்டமாக்கியது.

இந்தியாவிலும் இதற்கான சொற்கள் சட்டப் புத்தகத்தில் இருந்தவையே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 67ஆம் பிரிவு, பயணிகள் கட்டணத்தோடு சரக்கு வாகனங்களின் வாடகையையும், மிகக் குறைந்த அளவும் மிக உயர்ந்த அளவும் உட்பட, நிர்ணயிப்பது குறித்து உத்தரவிட மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அவ்வாறு உத்தரவிடும்போது மாநில அரசு கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்றாக, உரிமம் பெற்றோரிடையே கட்டுபடியாகாத போட்டியைத் தடுக்க வேண்டிய தேவையை அப்பிரிவு குறிப்பிட்டது. மூன்று பதிற்றாண்டுகள் அந்த வாசகம் அங்கே இருந்தது. அதைக் கையிலெடுத்துப் பெட்டகச் சரக்குக்கு ஒரு தரை வாடகை வகுக்கக் கோரும் இயக்கத்தைச் சங்கங்கள் பெரிதாக நடத்தவில்லை. பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது தெருவுக்கு வந்தவர்களின் பார்வையில் சரக்கு வாடகை தாழ்ந்தது படவில்லை.

2019ஆம் ஆண்டு ஒன்றிய அரசு அப்பிரிவைத் திருத்தியது. கட்டுபடியாகாத போட்டியைத் தடுத்தல் என்ற சொற்கள் நீக்கப்பட்டன. அவ்விடத்தில், போக்குவரத்துச் சேவை அளிப்போரிடையே திறன்மிக்க போட்டியை ஊக்குவித்தல் என்று எழுதப்பட்டது. புரோக்கரின் காலைச் செய்தி இவ்வாறாகச் சட்டத்தின் நோக்கமாயிற்று.

இயந்திர வாகனங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. கேரளச் சட்டமன்றமோ தமிழ்நாட்டுச் சட்டமன்றமோ, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கோரி, பழைய சொற்களைத் தம் மாநிலத்துக்கு மீட்டுக்கொள்ளத் திருத்தம் கொண்டுவரலாம். ஒப்புதல் எளிதில் வராது. மறுக்கப்பட்டால் மறுத்தது யார் என்பதாவது வாளையாற்றின் இருபுறமும் தெரியும். அதற்குமுன் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் உள்ள சங்கங்கள் சரக்கு நிலைய வாயிலில் காத்திருக்கும் மணிகளைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கலாம். வண்டி வந்த நேரம், இறக்கிய நேரம், பேசிய வாடகை, கையில் வந்த வாடகை என நான்கு கலங்கள் போதும். 1953இல் சாப்பாவுக்கு எதிராக நின்றவர்களிடம் இதைவிடக் குறைந்த ஆவணங்களே இருந்தன.